ஆளுக்குப் பத்துத் தோட்டா

பதினாலு. மஞ்சள் அட்டையில பேனாவுல எழுதிக் குடுத்திருக்காங்க. இப்பத்தான் ஒம்பதைக் கூப்புட்டாரு கடைக்காரரு எட்வின். பத்து, பதினொண்ணு, பன்னண்டு, பதிமூணு, அப்பறம் நானு. ஆளுக்குக் கால் மணி நேரம்னாலும் ஒரு மணியைத் தாண்டிரும், நடுவுல சாப்பிடப் போறேன்னு மனுசன் ஷட்டரை எறக்கிட்டாருன்னா மூணு மணி, மூணுன்னா பஸ்ஸு போயிரும். துப்பாக்கிக் கடைன்னா புலித்தலை மானுத்தலையெல்லாம் செவுத்துல மாட்டி வெச்சிருப்பாங்கன்னு நெனைச்சுட்டுத்தான் மொத மொதல்ல வந்தேன். இங்க பாத்தா பாதிக் கடை ஷட்டில் மட்டையும் கேரம் போர்டும், மீதிப் பாதி பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் குடுக்கற கப்பு. துப்பாக்கி கடைசீல, கம்பி போட்ட அலமாரிக்குள்ள, சாமி ரூமாட்டம் இருட்டா இருக்குது. என்ன பண்ணுவாரு, துப்பாக்கிய நம்பி அடுப்பெரியுமா. ஒம்பதாம் நம்பர்காரரு லைசென்ஸ் புஸ்தகத்தை நீட்டிட்டு நிக்கறாரு, அவருக்குக் குறுக்க ஒரு பி.டி. வாத்தியாரு வந்து, ஸ்போர்ட்ஸ் டேக்குப் பதினெட்டு கப்பு வேணும், அதுல மூணு பெருசு, பேரு வெட்டித் தரணும்ங்கறாரு. எட்வின் துப்பாக்கிக்காரரை விட்டுட்டு கப்பை எடுத்துக் காட்டறாரு. கப்புக்கு லைசென்ஸ் வேண்டாமல்லோ.

ஏழு மாசமா சரக்கே வரலையாம். பாக்டரியில இருந்தே வரலையாம். நேத்துத்தான் வந்துச்சாம், அதும் கேட்டதுல காவாசி. எனக்கு எட்வினே போன் பண்ணுனாரு. "அம்மா, முப்பத்திரெண்டு போர் தோட்டா வந்திருக்கு, ஆளுக்குப் பத்துதான், காலையிலயே வந்துருங்க"ன்னாரு. ஆறே முக்கால் பஸ்ஸுக்கே வந்துட்டேன், எனக்கு முன்னால பதிமூணு பேரு. முந்தியெல்லாம் இந்தக் கடையில வருசத்துக்குப் பத்துப் பேரு வந்தாப் பெருசும்பாரு. இப்ப எல்லாம் என்னையாட்டம் வயசான ஆளுகதான், வேட்டியும் கைப்பையுமா, மூட்டு வலித் தைலம் மணக்க. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கறதில்லை. எதுக்கு வந்திருக்கோம்னு எல்லாத்துக்கும் தெரியும். மூணு மாசத்துல மூணு தோட்டம். எங்க ஊருக்கு ரெண்டு பஞ்சாயத்துத் தள்ளி மொதல்ல, அப்பறம் வடக்கால ஒண்ணு, அப்பறம் ஐப்பசியில ஒண்ணு. மூணும் தோட்டத்துக்குள்ளயே இருக்கற ஊடு, மூணுலயும் கெழவனும் கெழவியுந்தான், வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டானுக. எம் பொண்ணு கோகிலவாணி மெட்ராஸ்ல டி.வி.யில பாத்துட்டு போன்ல அழுதா. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, கணக்கு டீச்சராட்டம் பேசுனா. "இங்க பாரும்மா. தோட்டா புதுசாக் கெடைச்சா நீ அங்கயே இரு, நான் ஒண்ணும் சொல்லலை. கெடைக்கலைன்னா தை பொறக்கறதுக்குள்ள இங்க வந்துரணும். நாயைப் பக்கத்துத் தோட்டத்துல குடுத்துரலாம். சத்தியம் பண்ணு." போன்ல எப்பிடிச் சத்தியம் பண்றது, எந்தலையிலயே கைய வெச்சுப் பண்ணுனேன். ஆக இப்ப நான் எங்க சாகறதுன்னு எட்வினோட அட்டைப் பெட்டிக்குள்ள இருக்குது. சிரிப்பாத்தான் வருது.

மெட்ராஸ் ஒண்ணும் கெட்ட ஊரு இல்லை. போன வருசம் நாப்பது நாள் இருந்தேன். ஒம்பதாவது மாடி. பேரனோட ரூம்ல எனக்குக் கட்டில், அவன் காலையில ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரைத் தொறந்து பாடம் கேக்கறான், அதனால அஞ்சே முக்காலுக்கே நான் எந்திரிச்சு ஹாலுக்கு வந்துரணும், மருமகன் எட்டு மணிக்கு ஹால்ல உக்காந்து வெள்ளைக்காரங்கூட பேசுவாரு, அதனால பால்கனிக்குப் போயிரணும், பால்கனியில பத்து மணிக்கு வெயில் வந்துரும், அப்ப சமையல் ரூமு, அங்க சமைக்கறதுக்கு ஒரு பொண்ணு வருவா, அவளுக்கு ஆள் நின்னாப் புடிக்காது. நான் ஒரு நாற்காலியத் தூக்கிட்டு ஊடு முச்சூடும் நெழலாட்டம் நகந்துட்டே இருந்தேன். யாரும் ஒரு வார்த்தை கடுசாச் சொல்லலை, அதுவேற. எங்க சித்தி மக ருக்குமணி இப்படித்தான் மகன் கூட பெங்களூர் போனா, மூணாவது மாசம் போன் பண்ணி, "நாச்சக்கா, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா எனக்கு ஏப்பம் விடக்கூட கூச்சமா இருக்குதக்கா"ன்னா. அப்பறம் அவளுக்கு ஏப்பமே வர்றதில்லைன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. பத்தாம் நம்பரைக் கூப்புட்டுட்டாரு. பத்து ஆளில்லை. டீ குடிக்கப் போயிருப்பாரு. பதினொண்ணு எந்திரிக்கறாரு. நல்லது.

பக்கத்துல உக்காந்திருக்கறவரு பதினஞ்சு. பேரு ஆறுச்சாமியாம், காங்கயம் பக்கம் அரிசி மில்லாம். வந்ததுல இருந்து வாய் மூடலை. நானே பேசறவ, என்னையவே ஓரங்கட்டிட்டாரு. "ஏனுங்க அம்மிணி, யாருக்கு, ஊட்டுக்காரருக்கா?"ன்னாரு. "எனக்குத்தானுங்க"ன்னேன். ஒருதரம் மேலயும் கீழயும் பாத்தாரு. "சுடுவீங்களா?" "சுடாம என்னத்துக்குங்க வாங்கறது, கொழம்புலயா போடறது?" கடையில நாலு பேரு சிரிச்சாங்க. சிரிச்சாங்கன்னு எனக்கும் பெருமையா இருந்துச்சு. சுடுவீங்களா. எங்க தோட்டத்து மாரப்பன் மூஞ்சி வருது. வேண்டாம். எங்கூட்டுக்காரரு அந்தக் கைத்துப்பாக்கிய வாங்குனப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு. மஞ்சள் ஏவாரம், மண்டியில இருந்து பையத் தூக்கிட்டு ராத்திரி வண்டியில வருவாரு, அதுக்குன்னு கலெக்டர்கிட்ட எழுதிக் குடுத்து வாங்குனாரு. வாங்கி, மொத்தம் ரெண்டே ரெண்டு தடவைதான் சுட்டாரு. ஒண்ணு, கெணத்துப் படியில கெடந்த நல்லபாம்பை. பாம்பு அது பாட்டுக்குப் போயிருச்சு, படிக்கல்லு பேந்துச்சு. ரெண்டு, மோட்டார் ரூம்ல தொடைச்சுட்டு இருக்கறப்ப அதுவா வெடிச்சு தகரக் கூரையில ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேராக் கீழ எங்க மாமியா உக்காந்து கடலை உரிச்சுட்டு இருந்தாங்க. எந்திரிக்கவே இல்லை. "ஏன்டா, மழைக்கு ஒழுகுமே"ன்னாங்க. அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆளுக பயப்படறதுக்கும் நேரம் பாத்துத்தான் பயப்படுவாங்க.

அவரு போனதுக்கப்பறம் பேரு மாத்தறதுக்குக் கலெக்டர் ஆபீசுக்கு எட்டு நடை நடந்தேன். அங்க ஒரு கிளார்க்கு, சின்ன வயசுதான், "பாட்டி, உங்களுக்கு எதுக்கு, சரண்டர் பண்ணிருங்க"ன்னான். எனக்கு அப்ப நாப்பத்தொம்பது. பாட்டியாம். அந்தக் கோவத்துலயே விடாம நடந்து வாங்கிட்டேன், இல்லைன்னா அன்னிக்கே குடுத்துட்டு வந்திருப்பேன், இன்னிக்கு இந்த மஞ்சள் அட்டையும் இல்லை, மாரப்பன் நெனைப்பும் இல்லை. பாத்தியா, சுத்திச் சுத்தி அங்கயே வருது. கெணத்து வாளி எங்க விட்டாலும் ஒரே எடத்துல போயி இடிக்கறாப்ல. பி.டி. வாத்தியாரு இன்னும் போகலை. ஒரு கப்போட காதைத் திருகிப் பாத்துட்டு, "இது கழண்டுட்டு வருது சார்"ங்கறாரு. "ஓட்டப்பந்தயத்துக்குத்தானே சார், அவன் கப்பைப் புடிச்சுட்டா ஓடப் போறான்?"ங்கறாரு எட்வின். பன்னண்டு போயிட்டு இருக்குது. பன்னண்டாம் நம்பரு ஒரு ஆளு பத்துத் தோட்டாவையும் ஒண்ணொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறாரு, வெண்டைக்காய் ஒடிச்சுப் பாக்கறாப்ல. ஒடிச்சுப் பாக்க முடிஞ்சா எவ்வளவு நல்லாருக்கும். நல்லதா கெட்டதான்னு சுட்டாத்தான் தெரியும், சுட்டுட்டா அது இல்லை.

சரி. போன மாசம், புதன்கெழமை, மத்தியானம் ரெண்டரை. மூணாவது ஊட்டுச் சேதி வந்து நாலு நாள்தான் ஆயிருந்துச்சு. அந்த ஊட்டுலயும் நாய் குரைக்கலையாம். ஊரு முச்சூடும் அதையேதான் பேசுனாங்க, நாய் குரைக்கலை, அப்ப தெரிஞ்ச ஆளுதான், சோறு போட்ட கையத்தான் வெட்டியிருக்கானுகன்னு. சோறுண்டுட்டு சித்தெ படுத்திருந்தேன். பொறவாசக் கதவுத் தாழ்ப்பாளு அசையற சத்தம். எங்க நாய் கருப்பன் குரைக்கலை. குரைச்சிருந்தா நான் யாருன்னு கேட்டிருப்பேன். குரைக்கலை, அதனால கேக்கலை. எப்ப எந்திரிச்சேன், எப்ப பீரோவைத் தொறந்தேன், ஒண்ணும் தெரியலை. சமையல் ரூம்ல அடுப்புக்குப் பக்கத்துல நிக்கறேன், ரெண்டு கையிலயும் துப்பாக்கியப் புடிச்சிருக்கேன், கதவு கொஞ்சம் தொறக்குது, கதவுக்கு அந்தால ஒரு நெழலு, நான் அமுத்திட்டேன். டிக். மறுக்கா அமுத்துனேன். டிக். ரெண்டு தடவை. ஒரு தடவைன்னா கை தவறுச்சுன்னு சொல்லலாம். வெளிய இருந்து மாரப்பன் கொரலு. எங்க தோட்டத்துல தேங்காய் போடறவன், பதினெட்டு வருசமா வர்றான். "ஏனுங்கம்மா, அடுப்புப் பத்தலீங்களா? லைட்டரு சத்தம் கேக்குது. எங்கூட்டுலயும் இப்படித்தானுங்க, உள்ள கல்லு தேஞ்சு போச்சுன்னா பத்தாதுங்க."

நான் அதை மாவு டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டுக் கதவைத் தொறந்தேன். கரண்டு வயருமேல மட்டை உழுந்து கெடக்குது, மோட்டாரைப் போட்டுறாதீங்கன்னு சொல்றதுக்கு வந்திருக்கான். மோர் குடுத்தேன். நின்னுட்டே குடிச்சான். மீசையில ஒட்டுனதைத் தோள் துண்டுல தொடைச்சான். நான் அவன் நெஞ்சையே பாத்துட்டு இருந்தேன், சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்லை, ஊக்குக் குத்தியிருந்தான். "ஏனுங்கம்மா, ஒடம்புக்கு ஆகலீங்களா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது"ன்னான். "இல்லடா, வெயிலு"ன்னேன். அடுத்த வாரம் சந்தைக்குப் போயிட்டு வந்தவன் ஒரு புது லைட்டரைக் கொண்டாந்து நீட்டறான். "உங்குளுது கெட்டுப் போச்சுங்களே, பாத்தேன், வாங்கிட்டேன்"ங்கறான். அதை நான் எங்க வெக்கறது. அடுப்புக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்கேன், வேற எங்க வெப்பாங்க லைட்டரை. நாளைக்கு மூணு நேரம் எடுத்து அமுத்தறேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. கோகிலாகிட்ட, காக்காயைத் தொரத்த வானத்தைப் பாத்துச் சுட்டேன், வெடிக்கலைன்னு சொன்னேன். அதுக்குத்தான் அவ புதுசு வாங்கு, இல்லைன்னா கெளம்பி வான்னு நிக்கறா. எந்தக் காக்கா, எந்த வானம். பதிமூணு.

பதினாலைக் கூப்புட்டுட்டாரு. எந்திரிக்கறப்ப முட்டி சொடக்குன்னுச்சு. லைசென்ஸ் புஸ்தகத்தைக் குடுத்தேன், பழசு ஆறையும் கைக்குட்டையில முடிஞ்சு கொண்டாந்திருந்தேன், அவுத்து வெச்சேன். எட்வின் கண்ணாடிய மூக்குக்கு எறக்கிட்டு ஒண்ணைக் கையில எடுத்தாரு. திருப்புனாரு. இன்னொண்ணை எடுத்தாரு. பின்னால இருந்து ஆறுச்சாமி எட்டிப் பாத்து, "அடேங்கப்பா, நகைக்கடையில வாங்குனாப்ல மின்னுதுங்களே!"ன்னாரு. எட்வின், "அம்மா, இதை எதுல தொடைச்சீங்க?"ன்னாரு. "தொடைக்கலீங்க, கழுவுனது." "கழுவுனதா?" "ஆமாங்க. ஆயுத பூசைக்குக் குத்துவெளக்கு, செம்பெல்லாம் புளி போட்டுத் தேப்பமுல்லீங்க, அதோட ஒட்டுக்கா. தேச்சு, கழுவி, மொறத்துல வெச்சு வெயில்ல காயப் போட்டு, அப்பறம் பொட்டு வெப்பேன். பித்தளைதானுங்களே." ஆறுச்சாமிதான் மொதல்ல வாயத் தொறந்தாரு. "ஏனுங்க அம்மிணி, அப்படியே பெருங்காயம் போட்டுத் தாளிச்சிருந்தீங்கன்னா ரசமாயிருக்குமே!" அவிங்கவிங்க வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறாங்க. பி.டி. வாத்தியாரு கப்பை மேசையில வெச்சுட்டுச் சிரிக்கறாரு. எட்வின் மட்டும் சிரிக்கலை. "எத்தனை வருசமா கழுவறீங்கம்மா?" "அவரு போனதுல இருந்துங்க. இருபத்திரெண்டு. அதுக்கு முந்தி அவரு யாரையும் தொட உடமாட்டாரு, எண்ணெய்த் துணியில அவரே தொடைப்பாரு." எட்வின் ஒரு தோட்டாவைக் கவுத்து அடியில இருக்கற சின்ன வட்டத்தை நகத்துல தட்டிக் காட்டுனாரு. "இதுக்குள்ளதாம்மா பத்த வெக்கற மருந்து இருக்குது. தண்ணி எறங்குனா போச்சு. மொத வருசமே செத்திருக்கும்."

மொத வருசமே. அப்ப இருபத்தொரு வருசம் நான் பொணத்தைத் தலமாட்டுல வெச்சுட்டுப் படுத்திருக்கேன். நல்லாவேற தூங்கியிருக்கேன். மழைக்காலத்துல, எலக்சன் சமயத்துல, பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் திருடு போனப்ப, ஒரு நாளாச்சும் முழிச்சிருப்பனா, பீரோவுக்குள்ள அது இருக்குது நமக்கென்னன்னு கொறட்டை உட்டிருக்கேன். அதைச் சொன்னா ஆறுச்சாமி இன்னும் சிரிப்பாரு. ஆனா எனக்கு அது இல்லை நெனைப்பு. புளிதான். அந்த மொத வருசம் புளி ஏகமாக் காய்ச்சுக் கெடந்துச்சு, ஊருக்கெல்லாம் குடுத்தது போக மூணு பானை, அதனாலதான் வெளக்கு மட்டும் தேக்காம ஊட்டுல இருந்த பித்தளை எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். காய்ப்பு இல்லாத வருசமா இருந்திருந்தா சாம்பல்ல தொடைச்சு வெச்சிருப்பேன். அப்ப மாரப்பன் இல்லை. பொத்தான் இல்லாத எடத்துல ஊக்கு. அவன் பொண்டாட்டி வந்து எங்கூட்டுப் பொறவாசல்ல உழுந்து பொரண்டிருப்பா. போலீசு வந்திருக்கும், நான் என்ன சொல்லியிருப்பேன், நாய் குரைக்கலைன்னு சொல்லியிருப்பேன். அவிய எழுதிக்குவாங்க. ஊரும் ஒத்துக்கும். வயசானவ, பயந்து போயிச் சுட்டுட்டா, காலம் அப்படி. என்னைய ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க. அதுதான் எனக்குப் பொக்குனு இருக்குது. ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க. எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொல்லியிருப்பாங்க.

எட்வின் ரெண்டு அட்டைப் பெட்டியைக் கொண்டாந்து மேசையில வெச்சாரு. "முப்பத்திரெண்டுல இனி இவ்வளவுதான் இருக்குது. ஒண்ணு ஈயம், இது பழைய சரக்கு, ஆனா நல்லாக் காப்பாத்தி வெச்சது. இன்னொண்ணு செம்புச் சட்டை போட்டது, புதுசு. ரெண்டுலயும் பத்துப் பத்து. எதுன்னு பாருங்க, மிச்சம் அவருக்கு"ன்னு ஆறுச்சாமியக் காட்டுனாரு. ஈயம் மொழுக்குனு சாம்பக் கலர்ல, கோவைக்காய் மூக்காட்டம் இருந்துச்சு. செம்பு சேப்பா, கண்ணுக்கு லட்சணமா. எனக்குக் கை மொதல்ல செம்புக்குத்தான் போச்சு, பாத்திரக் கடையிலயும் இப்படித்தான் போகும். ஆறுச்சாமிக்குப் பொறுக்கலை. "அம்மிணி, ஈயத்தை எடுத்துக்கங்க. ஈயம் ஆளுக்குள்ள போனா உள்ளயே நின்னுக்கும். செம்பு தொளைச்சுட்டுப் பொறகால போயிரும்"னு, என்னமோ தெனமும் நாலு பேரைச் சுடறாப்ல சொல்றாரு. அவருக்குச் செம்பு வேணும், அதுக்குத்தான். நான் எட்வினைப் பாத்து, "ஏனுங்க, கதவு இருந்தா?"ன்னு கேட்டேன். "என்ன கதவும்மா?" "மரக் கதவுங்க. வேப்ப மரம். ஒண்ணரை அங்குலம். கதவுக்கு அந்தால ஆளு நின்னா." ஆறுச்சாமிதான், "கதவென்னங்க கதவு, இந்தச் செம்பு கதவையும் தொளைக்கும், அவனையும் தொளைக்கும், நீங்க அடுப்படியில நின்னுட்டே சோலிய முடிச்சுப் போடலாம்"னாரு. அடுப்படின்னு நான் சொல்லவே இல்லை. அவரா வாயில வந்ததைச் சொல்றாரு.

எட்வின் பேனாவைத் தொறந்துட்டாரு. புஸ்தகத்துல எம் பேரு, அதுக்குக் கீழ எங்கூட்டுக்காரரு பேரு, அதுக்குக் கீழ காலிக் கட்டம். நான் ஈயத் தோட்டா ஒண்ணை உள்ளங்கையில வெச்சுப் பாத்தேன். கனமா இருந்துச்சு. நம்முளுது ஆறும் இதே கனந்தானே, செத்ததும் உசுரோட இருக்கறதும் ஒரே கனந்தானா. வர்றவன் மூஞ்சிய நெனைச்சுப் பாத்தேன், அந்த மூணு ஊட்டுக்கும் போனவனுக மூஞ்சி. நானும் எவ்வளவோ நெனைச்சுப் பாக்கறேன், மொட்டைத் தலை வெச்சுப் பாக்கறேன், தாடி வெச்சுப் பாக்கறேன், மூஞ்சிக்குத் துணி கட்டிப் பாக்கறேன், கடைசீல மீசையில மோரை ஒட்டிட்டு மாரப்பந்தான் வந்து நிக்கறான். இல்லைன்னா மீட்டர் பாக்க வர்ற பொண்ணு. பால்காரரு. கதவைத் தெரிஞ்சவங்கதானே கதவைத் தொறப்பாங்க. இனிமே கேட்டுட்டுத்தான் அமுத்தோணும், யாருன்னு ஒரு வார்த்தை, அதுக்கு என்ன, ரெண்டு எழுத்து. மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். யாரு. யாரு. இப்ப நல்லா வருது, கடையில நின்னுட்டுச் சொல்றப்ப. அன்னிக்கு வாய் வரலை, வெரலு வந்துருச்சு. கேக்கறவளா, அமுத்தறவளான்னா நான் அமுத்தறவ. எழுபத்தொரு வயசுக்கு மேல நம்மளைப் பத்தி நமக்குப் புதுசா என்ன தெரியப் போகுதுன்னு இருந்தேன். தெரிஞ்சு போச்சு. அவனுக வந்தாலும் வரலாம். வந்தா நான் சாவேன், அதும் நல்லா இருக்காது, அந்த மூணு ஊட்டுலயும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டவதான் நானு. பயம் இல்லைன்னு யாரு சொன்னா. பயம் இருக்கறதுனாலதான். பயத்தோட இதையும் வெச்சுட்டு இருந்தா மொதல்ல போறது எவனோ இல்லை.

"வேண்டாமுங்க"ன்னேன். எட்வின் பேனாவை அப்படியே புடிச்சுட்டு இருந்தாரு. "என்னம்மா?" "எனக்கு வேண்டாமுங்க. ரெண்டையும் அவருக்கே குடுத்துருங்க." "அவருக்கும் பத்துதாம்மா. மிச்சம் பதினாறாம் நம்பருக்குப் போயிரும். யோசிச்சுக்கங்க, இனி எப்ப வரும்னு எனக்கே தெரியாது. நீங்க தனியா வேற இருக்கீங்க." "தெரியுமுங்க." ஆறுச்சாமி, "ஏனுங்க அம்மிணி, நான் சொன்னதுக்குக் கோவமுங்களா? செம்பையே நீங்க எடுத்துக்கங்க, நான் சும்மா வெளையாட்டுக்கு"ன்னு எறங்கி வந்தாரு, மூஞ்சி பாவமாப் போச்சு. அவருக்கும் ஊட்டுல ஒரு கெழவி காத்துட்டு இருப்பா. "இல்லீங்க, உங்குளுக்குத்தான் செம்பு நல்லாருக்கும்"னேன். எட்வின் பழசு ஆறையும் காட்டி, "இதைத் திருப்பித் தர முடியாதும்மா, ஒப்படைச்சதா எழுதிக்கணும்"னாரு. "எழுதிக்கங்க." கையெழுத்துப் போட்டேன். கைக்குட்டையை மடிச்சேன். புஸ்தகத்தை வாங்கிப் பையில வெச்சுட்டுத் திரும்பறேன், உள்ள போன் அடிக்குது. கோகிலாதான். கடையில நின்னு பேசக்கூடாதுன்னு படி எறங்கி வெளிய வந்தேன். வெயிலு மண்டையப் பொளக்குது, எதுக்கால செருப்புக் கடை, ஒரு அம்மா பிள்ளையோட காலைப் புடிச்சு ஷூவுக்குள்ள திணிச்சுட்டு இருக்கறா. எட்டு தடவை அடிச்சு ஓஞ்சுது. மறுக்கா அடிச்சுது. எடுத்தேன்.

"கெடைச்சுதாம்மா?" "கெடைச்சுது." "நெசமாவா? எத்தனை?" "ஆளுக்குப் பத்துதான் குடுக்கறாங்க." "போதும் போதும். நல்லதாப் பாத்து வாங்குனியா?" "ரெண்டு தினுசு இருந்துச்சு. ஈயம் ஒண்ணு, செம்பு ஒண்ணு." "நீ எதை எடுத்தே?" "ஈயந்தான்." "ஏம்மா, செம்பு நல்லதில்லையா?" "அது கதவைத் தொளைச்சுட்டுப் போகுமாம்." பின்னால யாரோ அவகிட்ட என்னமோ கேக்கறாங்க, "இரு, அம்மா லைன்ல"ங்கறா. அப்பறம் மூக்கை உறிஞ்சற சத்தம். அழுகறாளா சிரிக்கறாளான்னு தெரியலை, சின்னதுல இருந்தே அவளுக்கு ரெண்டும் ஒரே சத்தந்தான். "அப்ப நீ அங்கயே இருந்துக்கோம்மா. நான் இனிமே ஒண்ணும் கேக்கலை. மூணு மாசமா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை தெரியுமா. இன்னிக்காச்சும் தூங்குவேன்." பஸ் ஸ்டாண்டுப் பக்கமா நடக்க ஆரம்பிச்சேன். போனு காதுல சுட்டுச்சு. "தூங்கு கண்ணு"ன்னேன். "நல்லாத் தூங்கு."